பூநாரைக்குப் பின்னால் குந்தியிருந்தவள்

அன்புள்ள மகன் தம்பி,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிட்டு மற்றவற்றுக்கு வருகிறேன். நீ உன் அறையில் சட்டம் போட்டு மாட்டி, கடதாசிப் பூமாலையும் போட்டு, வேலைக்குப் போகமுன்னம் தினமும் கும்பிட்டுவிட்டுப் போகிறேன் என்று எழுதியிருந்தாயே, அந்தப் படத்தில் இருப்பது உன் அம்மா அல்ல. அது உன் சின்னம்மா. அவள் நல்ல சுகமாக இருக்கிறாள். நேற்றும் இங்கே வந்து, நான் அவித்த புட்டில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு, தண்ணீர் காணாது, கல்லுக் கல்லாகக் கிடக்கிறது என்று குறையும் சொல்லிவிட்டுத்தான் போனாள். நீ அங்கே கும்பிடுவதால் அவளுக்கு ஒரு கேடும் வரவில்லை. கொஞ்சம் கொழுத்திருக்கிறாள் என்றுகூடச் சொல்லலாம்.

இதை நான் சொல்லாமலே விட்டிருப்பேன். ஆனால் போன கடிதத்தில் நீ, கலியாணத்துக்கு அந்தப் படத்தைப் பெரிதாக்கி மணவறையில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் வைத்து, தாலி கட்டியதும் இரண்டு பேருமாக விழுந்து கும்பிடப்போகிறோம் என்று எழுதிவிட்டாய். அதைத் தடுக்க வேண்டும். அதனால்தான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட நான், வாடகைக் கார்ச் சாரதி, கொப்பித்தாள் கிழித்து எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டிருக்கிறேன். கொண்டுவந்து தருகிறவள் நீ கட்டப்போகும் பெண். உறையை நன்றாக ஒட்டித்தான் கொடுக்கிறேன். ஆனாலும் பிளேனில் அவளுக்கு வேறு என்ன வேலை, பிரித்து வாசித்திருப்பாள். வாசித்தால் நல்லது. பிள்ளை, உனக்கும் சேர்த்துத்தான்.

உன் அம்மா காய்ச்சல் என்று படுத்தாள், எழும்பவில்லை. அதைத் தந்தியிலும் பிறகு கடிதத்திலும் எழுதிவிட்டேன், திரும்ப எழுத என்னால் ஏலாது. உனக்கு அங்கே விசாக் கடதாசி சரிவராதபடியால் வரவும் முடியவில்லை. நான் எழுதாதது அதற்குப் பிறகு நடந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குக் கல்வெட்டுப் புத்தகம் அடிக்க வேண்டும். அங்கேயே கிடந்து உனக்கு மறந்துபோயிருக்கும்: முன்னட்டையில் செத்தவரின் படம், உள்ளே தேவாரம், பிறப்பு வளர்ப்பு, யாராவது ஒரு வாத்தியார் கட்டிய நாலு வெண்பா. சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்களின் கையில் ஒவ்வொன்று கொடுப்பது. அப்படி ஒரு புத்தகம் இல்லாவிட்டால் இந்தத் தீவில் ஆள் சரியாகச் சாகவில்லை என்றுதான் எண்ணம். நான் யாழ்ப்பாணத்தில் ஓர் அச்சகத்துக்குப் போய்க் கேட்டேன். அங்கே இருந்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னார்: “அண்ணை, எழுத்துப் பிறகு வரட்டும். படத்தைக் கொண்டாங்கோ, அச்சடிக்கப் புளொக் வெட்ட நாள் வேணும்.”

படம்தானே, எங்கள் வீட்டில் இல்லாத படமா என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன். இந்தத் தீவுப்பகுதியிலேயே வீட்டில் சொந்தக் கமரா வைத்துப் படம் எடுத்த குடும்பம் எத்தனை? அலுமாரியின் மேல்தட்டில் இருந்த பிஸ்கற் தகரத்தை இறக்கி, பாயில் கொட்டி, நானும் சின்னம்மாவும் முன்னுக்கு இருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பூநாரை நிற்கிறது. பூநாரை நடக்கிறது. பூநாரை ஒற்றைக் காலில் நித்திரை கொள்கிறது. கூழைக்கடா கடன்காரனைப் பார்க்கிற மாதிரிப் பார்க்கிறது. எங்கள் பனங்காணிக்குள் ஆறுமணிக்குருவி வாலை ஆட்டுகிறது, ஆட்டிவிட்டது, இனி ஆட்டப்போகிறது. மீன்கொத்தி மின்கம்பியில். மீன்கொத்தி போன பிறகு மின்கம்பி. சின்னம்மா கடைசிப் படத்தையும் புரட்டிப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அத்தான், அக்கா எங்க?”

நான் பகிடி விட முயன்றேன். “உன்ர அக்கா குசினிக்க நிண்டிருப்பா,” என்றேன். இரண்டு பேரும் குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தோம். பிறகுதான் சின்னம்மா அழத் தொடங்கினாள்.

கலியாணப் படம் ஒன்று இருந்ததே என்று நீ கேட்பாய். இருந்தது. மழைக்காலத்தில் சுவரோடு சேர்த்துக் கறையான் ஏறி, சரியாக அவள் பக்கத்தைத் தின்றுவிட்டு என்னை விட்டுவிட்டது. கறையானுக்கும் என் முகம் இறங்கவில்லை. அடையாள அட்டைக்குப் படம் எடுக்க ஊரெல்லாம் வரிசையில் நின்ற காலத்தில் அவளைக் கூப்பிட்டேன். “எனக்கென்னத்துக்கு? என்னை ஆருக்குத் தெரியாது?” என்று கேட்டுவிட்டு ஆட்டுக்குக் குழை வெட்டப் போய்விட்டாள். அப்போது அது நியாயமாகத்தான் பட்டது.

நீ கைக்குழந்தையாக இருந்தபோது தொடங்கிய கதை இது. உன் தலையில் பறவைப் பைத்தியம் எப்படி ஏறியது என்பது உனக்குத் தெரியும், உன் அம்மா அதற்குள் எப்படி அகப்பட்டாள் என்பது முழுவதும் தெரியாது. மாரிகாலம் தொடங்கிப் பூநாரைகள் வந்து இறங்கியதும் கொழும்பிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் வருவார். எந்த நாடு என்று கேட்டோம், சொன்னார், எங்களுக்கு வாயில் வரவில்லை. பறவைத்துரை என்று பெயர் வைத்துக்கொண்டோம். புடலங்காய் நீளத்தில் லென்ஸ். ஒரு கிழமைக்கு என் மொறிஸ் மைனர் காரைப் பிடித்துக்கொள்வார். இந்தப் பயணத்துக்கு அவர் சஃபாரி என்று சொல்வார். ஆபிரிக்காவிலும் இப்படித்தானாம், காருக்குள்ளேயே இருந்து மிருகங்களைப் படம் எடுப்பார்களாம். அங்கே கதவைத் திறந்தால் சிங்கம் உள்ளே வரும், இங்கே கதவைத் திறந்தால் பறவை வெளியே போகும், அவ்வளவுதான் வித்தியாசம். பூநாரைக்குக் கார் ஒரு பொருட்டே இல்லை. காரிலிருந்து மனிதன் ஒருவன் கால் வைத்தால் முழுக் கூட்டமும் எழும்பிவிடும். ஆகையால் கடலுக்கு நடுவால் தெரு போகிற வேலணைத் தாம்போதியில் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, உன் அம்மா தைத்துக் கொடுத்த பயறு அடைத்த பையை யன்னல் விளிம்பில் வைத்து, அதன்மேல் லென்ஸைக் கிடத்திக்கொண்டு மூச்சுவிடாமல் இருப்பார். பறவைகள் தூரத்தில் நிற்கும். கிட்ட வராது. மத்தியானம் வரைக்கும் இருந்துவிட்டுப் பெருமூச்சு விடுவார்.

ஒரு நாள் உன் அம்மாவும் பின்சீற்றில் இருந்தாள். நயினாதீவு அம்மனுக்கு நேர்த்திக்கடன், துரையின் வேலையை முடித்துக்கொண்டு குறிகட்டுவான் வள்ளத்துறையில் இறக்கிவிடுகிறேன் என்று ஏற்றியிருந்தேன். நீ அவள் மடியில் நித்திரை. வெயில் ஏற ஏற அவளுக்குப் பொறுக்கவில்லை.

“இஞ்சேருங்கோ, இவர் இதுகளைத் தின்னப்போறாரோ, பாக்கப்போறாரோ?”

“படம் எடுக்கப்போறார். கிட்ட வருகுதில்லையாம்.”

“கிட்ட வர ஆரும் கூப்பிட்டவையோ? பிள்ளையைப் பிடியுங்கோ.”

பறவைகளின் கண்ணுக்கு எட்டாத தாம்போதி முனைக்குக் காரை ஓட்டச் சொல்லி அங்கே இறங்கி, பெரிய சுற்றாகச் சுற்றி, கணுக்கால் தண்ணீரில் பறவைகளுக்கு அந்தப்புறம் போனாள். துரை தலையில் கை வைத்தார். அவளோ பறவைகளை ஒருதரமும் நிமிர்ந்து பார்க்கவில்லை. தோடு தொலைத்தவள் மாதிரித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, இரண்டடி வைப்பாள், நிற்பாள், ஒரு சிப்பியை எடுப்பாள், எறிவாள். தன்னைத் தேடி வருகிறவரைக் கண்டால்தான் பறவைக்குப் பயம். வேறு எதையோ தேடுகிறவளுக்கு மரியாதையாக வழி விட்டது. அப்படியே முழுக் கூட்டமும், கலியாண வீட்டில் பந்திக்கு நகர்கிற மாதிரி, ஒன்றையொன்று முட்டிக்கொண்டு காரடிக்கு வந்துவிட்டது. செட்டைக்குக் கீழே அந்தச் சிவப்பு.

ஒரே ஒரு குறை. பறவைகளுக்கு நேர் பின்னால் உன் அம்மா நின்றாள். காட்டுப் பறவையின் படத்தில் மனிதர் விழுந்தால் அது செல்லாக் காசு என்று துரை சொன்னார். அடுத்த நாளிலிருந்து ஓர் ஏற்பாடு செய்தோம். பறவைகள் வந்து சேர்ந்ததும் நான் காரின் கண்ணாடி துடைக்கிற வைப்பரைப் போடுவேன். கை காட்டினால் பறவைக்குத் தெரியும், வைப்பர் ஆடினால் தெரியாது. வைப்பர் ஆடினால் அவள் அந்த இடத்திலேயே தண்ணீருக்குள் குந்தி, சேற்று நிறப் பழஞ்சீலையின் தலைப்பைத் தலைக்கு மேலால் இழுத்து மூடிக்கொள்ள வேண்டும். பார்த்தால் ஒரு கல். அவள் முதல் நாளே கேட்டாள்.

“என்னத்துக்கு என்னை மூடச் சொல்லுறார்? என்ர மூஞ்சி அவற்ற பறவையளைப் பழுதாக்கிப் போடுமோ?”

“உன்ர மூஞ்சியைக் கண்டா ஆபிரிக்காவுக்கே திரும்பிப் போயிடுமாம்.”

“அப்ப நீங்கள் ஏன் இன்னும் போகேல்லை?”

துரைக்கு மொழிபெயர்த்துச் சொல்ல எனக்கு இங்கிலிஸ் போதவில்லை. ஆனால் அவரும் சிரித்தார்.

பறவைத்துரை நாட்டைவிட்டுப் போகும்போது தன் பழைய கமராவை உனக்குத் தந்துவிட்டுப் போனார். உனக்கு அப்போது மீசை அரும்பிய வயது. அவர் போனார், அவருடைய வேலையை நாங்கள் விடவில்லை. அந்த மாரியே நீ அவர் இருந்த சீற்றில் இருந்தாய், நான் வைப்பரில் கை வைத்தபடி இருந்தேன், உன் அம்மா தண்ணீரில். பாணுக்கே விடிய முன்னம் வரிசையில் நின்ற காலம், பிலிம் என்பது கொழும்புக்குப் போகிறவர்களின் காலைப் பிடித்து வாங்குகிற சாமான். ஒரு மாரிக்கு ஒரு சுருள் கிடைத்தால் பெரிது. பயற்றுப் பையையும் ஒரு நாள் அவள் அவிழ்த்து அவித்துவிட்டாள், லென்ஸ் படுத்த பயறு என்று சொல்லிச் சொல்லித் தின்றோம். பிறகு பைக்கு மணல். அந்தச் சுருளில் ஒரு படத்தைக்கூட வீணாக்கக்கூடாது என்று உனக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தவன் நான்தான். கறுப்பு வெள்ளைப் பிலிமில் எங்கள் பூநாரையெல்லாம் கொக்கு மாதிரி விழுந்தன. சிவப்பு எங்கே என்று அம்மா கேட்டாள். நீ கோபித்துக்கொண்டு ஒரு பகல் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தாய். அப்படிக் கொக்காக விழுந்ததற்குச் செலவழித்தோம், அவளுக்குச் செலவழிக்கவில்லை. வேண்டாம் என்று யாரும் சொல்லவுமில்லை. அவள் வீட்டில்தானே இருக்கிறாள், எங்கே பறக்கப்போகிறாள் என்று இருந்துவிட்டோம்.

உன்னுடைய நல்ல படம் ஒன்று பேப்பரில் வந்ததே, மூன்று பூநாரை கழுத்தை ஒரே பக்கம் வளைத்துக்கொண்டு நிற்கிறது, அதை இப்போது நான் தனியாக எடுத்து வைத்துப் பார்க்கிறேன். பேப்பரில் வந்ததில் ஒன்றும் இல்லை. எங்களிடம் இருக்கும் முதல் பிரதியில், நடுப் பறவையின் கால்களுக்கு இடையில், தூரத்தில், அழுக்கு மாதிரி ஒரு புள்ளி. அது அழுக்கு என்று நினைத்து நான் ஒருமுறை எச்சில் தொட்டுப் பெருவிரலால் தேய்த்திருக்கிறேன். நீதான், “அப்பா, தேயாதேங்கோ, அது அம்மா,” என்றாய். மூன்று பேரும் சிரித்தோம். பேப்பருக்கு அனுப்பமுன்னம் ஸ்ரூடியோக்காரர் தூரிகையால் அந்தப் புள்ளியைத் துடைத்துத் தண்ணீராக்கித் தந்தார். சுத்தமாகச் செய்திருக்கிறார் என்று அவருக்கு நன்றி சொல்லி, எங்கள் மரத்து மாங்காயும் கொடுத்துவிட்டு வந்தோம்.

அந்தியேட்டிக்கு முன் அந்தப் புள்ளிப் படத்தையும் கொண்டு போனேன். பெரிதாக்கிப் பார் என்றேன். பெரிதாக்கினால் பெரிய புள்ளி வரும் என்றார் அதே ஸ்ரூடியோக்காரர். வந்தாலும் என்ன, சீலைத் தலைப்புத்தான் வரும். முகத்தை மூடு என்று வைப்பரைப் போட்டவன் அல்லவா நான்.

பிறகு ஆளைக் கேட்டுக் கேட்டு வரைகிற ஓவியர் ஒருவர் இருக்கிறார் என்று சொன்னார்கள். கடைப் பலகை எழுதுகிறவர், நல்ல மனிதர். சின்னம்மாவும், சித்தப்பாவும், பக்கத்து வளவு அக்காவும் என் காரிலேயே வந்தார்கள். அவர் பென்சிலைத் தீட்டிவிட்டுக் கேட்கத் தொடங்கினார். முகம் வட்டமோ, நீட்டோ? நெற்றி எவ்வளவு? கண் உள்ளுக்கோ, வெளியோ? நான் வாயைத் திறந்தேன், தம்பி. ஒன்றும் வரவில்லை. பூநாரையின் சொண்டு எந்த இடத்தில் மடியும், மடிந்த பிறகு கறுப்பு எங்கே தொடங்கும், இளசுக்கும் முற்றியதற்கும் காலில் என்ன நிறம் என்று என்னைக் கேட்டால் நித்திரையிலும் சொல்லுவேன். என் வீட்டுக்காரியின் மூக்கை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. “நல்ல முகம்,” என்றேன். “ஓம் அண்ணை, எல்லாரும் அப்படித்தான் சொல்லுவினம்,” என்றார் அவர்.

நாடியில், வாய்க்குக் கீழே, ஒரு மறு இருந்தது, அது எனக்கு நிச்சயம். “எந்தப் பக்கம்?” என்று கேட்டார். நான் இடப்பக்கம் என்றேன். பக்கத்து வளவு அக்கா வலப்பக்கம் என்றாள். சித்தப்பா, “மறுவோ? மறு எண்டு ஒண்டும் இருந்ததோ?” என்றார். சின்னம்மா கண்ணை மூடி, அக்காவுக்குப் பேன் பார்க்கிற மாதிரிக் கைகளை முன்னுக்கு வைத்து யோசித்துவிட்டு, முதலில் இடம் என்றாள், பிறகு வலம் என்றாள், பிறகு கையைக் கீழே போட்டுவிட்டாள். நாலு பேர் அவளோடு இருந்து சாப்பிட்டவர்கள். அந்தக் கடை வாங்குப் பலகையில் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தோம்.

ஓவியர்தான் கடைசியில் சின்னம்மாவைக் காட்டி, “முகவெட்டு இவவைப் போலயோ?” என்று கேட்டார். சின்னம்மா எழும்பினாள்.

“அத்தான், அக்கான்ர நாவல் நிறச் சீலை வீட்டை கிடக்கோ? என்னைப் படம் எடுங்கோ.”

சித்தப்பா குதித்தார். “உனக்கென்ன விசரே? உயிரோட இருக்கிறவளைக் கல்வெட்டில போடுறதோ? ஊர் என்ன சொல்லும்?”

“ஊர் புட்டுத் திண்டிட்டுப் போகும். அந்தப் புளொக்கை எறியாமல் வைச்சிருங்கோ, என்ர முறைக்கும் உதவும்,” என்றாள்.

அப்படித்தான் அவள் உன் அம்மாவின் சீலையை உடுத்து, தலையை அவளைப்போல் நடு உச்சி பிரித்து, ஸ்ரூடியோக் கதிரையில் இருந்தாள். மறுவை ஓவியர் பிறகு பென்சிலால் வைத்தார். நான் புருஷன் என்றபடியால் இடப்பக்கம். அந்தியேட்டி அன்று அதே சின்னம்மா வாசல் படலையடியில் நின்று கல்வெட்டுகளைக் கொடுத்தாள். வாங்கினவர்கள் படத்தைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள், மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார்கள். ஒரு கிழவி அவள் கையாலேயே பாயசத்தை வாங்கிக்கொண்டு, “நாகம்மா அப்பிடியே முன்னுக்கு நிண்டு கதைக்கிற மாதிரிக் கிடக்கு,” என்றாள். ஓம், நின்று கதைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

அன்றைக்கும் நான் முழுதாக உடைந்துபோகவில்லை. ஏனென்றால் நீ இருந்தாய். எனக்கும் உன் அம்மாவுக்கும் நடுவில் எப்போதும் ஒரு காரும் ஒரு கண்ணாடியும் இருந்தன, நீயோ அவள் மடியில் கிடந்து முகத்தை மேலே பார்த்து வளர்ந்தவன். உனக்குக் கல்வெட்டு வரும், பிரிப்பாய், பிரித்ததும், “என்ன அப்பா இது, சின்னம்மாவைப் போட்டிருக்கிறியள், உங்களுக்கென்ன கண் பொட்டையோ, அம்மாவின்ர மறு மற்றப் பக்கமெல்லோ,” என்று பச்சைத் தூசணத்தில் ஒரு கடிதம் எழுதுவாய் என்று காத்திருந்தேன். மெய்யாகத்தான் சொல்கிறேன், தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் ஏச்சு வாங்கப் படலைக்கு ஓடினேன். உன் கடிதம் வந்தது. “அம்மா அப்படியே இருக்கிறா. அந்த மறுகூட நல்லாய் விழுந்திருக்குது,” என்று எழுதியிருந்தாய்.

உன்மேல் குறை இல்லை, மோனை. நீ போய் எத்தனை பனிக்காலம் ஆகிவிட்டது. சீலையும் அதே சீலை. ஆனால் அந்த வரியை வாசித்த பிறகு நான் கேட்டுப் பார்க்க இனி யாரும் இல்லை. அது மட்டுமல்ல. வீட்டில் கல்வெட்டைச் சுவரில் குத்தி வைத்திருக்கிறேன், போகவர அதுதான் கண்ணில் படுகிறது. இப்போது நான் கண்ணை மூடி உன் அம்மாவை நினைத்தால் சின்னம்மாவின் முகம் வந்து நிற்கிறது. அவள் என்னை ஏசிய ஏச்செல்லாம் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது, சின்னம்மாவின் வாயிலிருந்து அது வருகிறது. இதை யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். நானே சிரிப்புக்காரன் என்று பெயர் எடுத்தவன், செத்த வீட்டிலும் பகிடி விடுகிறவன். இதற்கு எனக்குப் பகிடி வரவில்லை.

இந்த மாரியும் பூநாரைகள் வந்தன. இப்போதெல்லாம் தாம்போதியில் காரை நிறுத்தினால் துவக்கோடு ஆட்கள் வந்து என்ன ஏது என்று கேட்கிறார்கள். நீ லென்ஸோடு இங்கே இல்லாதது ஒரு வகையில் நிம்மதி. ஆனாலும் ஒரு பின்னேரம் நிறுத்தினேன். அவை தூரத்தில் நின்றன. அந்தப்புறத்தில் தோடு தேட ஆள் இல்லை. நான் சும்மா வைப்பரைப் போட்டேன். காய்ந்த கண்ணாடியில் அது கீச்சுக் கீச்சென்று போய் வந்தது. யாரும் குந்தவில்லை. பிறகு நான், இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, பறவைகள் நிற்கும்போது கார்க் கதவைத் திறந்து இறங்கினேன். முழுக் கூட்டமும் எழும்பியது. வானம் பாதி சிவந்துபோனது. துரை இருந்திருந்தால் அழுதிருப்பார். நான் தலையைக் குனிந்து அவை நின்ற இடத்துத் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நீ போகும்போது நெகட்டிவ்களை எல்லாம் ஒரு தகரத்தில் போட்டுக்கொண்டு போனாய். அந்த மூன்று பூநாரை நெகட்டிவை எடுத்து யன்னலில் பிடித்துப் பார். அதில் எல்லாம் தலைகீழ் என்று நீதானே சொல்லித் தந்தாய், கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும். அப்படியென்றால் பறவைகள் கறுத்துக் கிடக்க, அவள் மட்டும் வெளிச்சமாக இருப்பாள். முகம் வராது, அதை நான் கேட்டுப் பார்த்துவிட்டேன். ஆனால் அது அவள்தான், வேறு ஆள் இல்லை. மணவறையில் எதையாவது வைக்கத்தான் வேண்டும் என்றால் அந்தப் படத்தைப் போட்டு வை. என்ன, பறவைக்கு மாலை போட்டிருக்கிறாய் என்று அங்கே உள்ளவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். இல்லாவிட்டால் வெறும் விளக்கை வை. சின்னம்மாவை மட்டும் வைக்காதே. அவளுக்கு நீயும் பெண்டாட்டியும் சேர்ந்து விழுந்து கும்பிட்டீர்கள் என்று கேள்விப்பட்டால் இங்கே தலைகால் தெரியாமல் ஆடுவாள், பிறகு அவளோடு நான்தான் மாரடிக்க வேண்டும்.

இந்தக் கடிதம் கொண்டுவந்த பிள்ளையைக் கதிரையில் இருத்து. கமராவை எடு. அங்கே கலர்ப் பிலிம் கடைக்குக் கடை கிடக்கிறதாமே. முகத்துக்குக் கிட்டப் போ, மூக்கு, நாடி, நெற்றி, சிரித்தால் எந்தப் பக்கம் கோணுகிறது எல்லாம் விழட்டும். வெட்கப்பட்டால் விடாதே. சமைக்கும்போது எடு, உன்னோடு சண்டை பிடிக்கும்போது எடு, அது அடிக்கடி கிடைக்கும். யன்னலில் எந்தக் குருவி வந்து இருந்தாலும் கமராவைத் திருப்பாதே. உனக்கு அது கடினம், எனக்குத் தெரியும். பிறந்த பழக்கம். பிள்ளை, இவன் உன்னை ‘கொஞ்சம் அங்கால தள்ளி நில்’ என்று சொன்னால், நீ தள்ளி நிற்காதே.

சின்னம்மாவும் சுகம் கேட்டு எழுதச் சொன்னாள். அவளைப் பற்றி ஒரு செய்தி. கடல் கொந்தளிப்பில் கல்வெட்டுகளில் ஒன்று பிந்தி, போன கிழமைதான் நெடுந்தீவுக்குப் போயிருக்கிறது. அங்கே உன் அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் மாமி முறையான ஒருத்தி, இருவரையும் சின்ன வயதில் தூக்கி வளர்த்தவள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது, கண் நன்றாகத் தெரியும். படத்தைப் பார்த்ததும் யாரிடமும் ஒன்றும் கேட்காமல் வள்ளமேறிக் குறிகட்டுவானில் இறங்கி, எங்கள் படலையைத் தாண்டி நேரே சின்னம்மா வீட்டுக்குப் போய் முற்றத்தில் விழுந்து, “என்ர பொன்னம்மா, என்னை விட்டிட்டுப் போட்டியேடி,” என்று சின்னம்மாவின் பெயரைச் சொல்லிக் குழறியிருக்கிறாள். சின்னம்மா உள்ளே மா வறுத்துக்கொண்டிருந்தாளாம். அகப்பையோடு வெளியே வந்து, “ஆர் மாமி செத்தது?” என்று கேட்டாள். மாமி நிமிர்ந்து பார்க்காமல் புத்தகத்தை நீட்டினாள். சின்னம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, “ஓம், நான்தான். இருங்கோ மாமி, தேத்தண்ணி வைக்கிறன்,” என்றாள். மாமி அப்போதுதான் முகத்தைப் பார்த்தாள், பேய் என்று எழும்பி ஓடினாள். வந்த வள்ளத்திலேயே திரும்பிவிட்டாள். அடுப்பில் இருந்த மா கருகிவிட்டது.

அப்பா